அறுபது நாள் சாட்சி

நீங்கள் நகர வேண்டாம் அண்ணாச்சி, இந்த இடம் போதும். காகிதக் கட்டை மட்டும் மடியில் வைத்துக்கொள்கிறேன். மேலே வைத்தால் காற்றில் ஒரு தாள் பறந்தாலும் என் கதை முடிந்தது. மொத்தம் நாற்பத்து மூன்று பக்கம். இன்று சாயங்காலம் நாலு மணிக்கு சிலுவைத்துறைக் கமிட்டி ஹாலில் ஊரே உட்கார்ந்திருக்கும். அங்கே போய் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். எமரன்சியா என்கிற பெண்ணை நான் கட்டிக்கொள்ளப்போகிறேனா, இல்லை அது மிஷின் செய்த தப்பா? இரண்டில் ஒன்று. மிஷின் தப்பு என்று நிரூபிக்கத்தான் இவ்வளவு காகிதம்.

சிரிக்காதீர்கள் அண்ணாச்சி. முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். எதிரே இருப்பவர் ஊம் கொட்டினால்தான் எனக்குச் சொல்லவே வரும், சின்ன வயதிலிருந்து அப்படிப் பழகிவிட்டது. அந்தப் பலாப்பழத்தைக் காலடியில் வைத்துவிட்டு, ஊம் கொட்டுங்கள்.

என் பெயர் இன்னாசிமுத்து. ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. கடல் என்ற ஒன்றை நான் பார்த்ததே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். திருநெல்வேலியில் ஒரு மாடியில் ஏழு பேர் சேர்ந்து மென்பொருள் எழுதுகிற கம்பெனி எங்களுடையது. நாங்கள் ஒரு புரோகிராம் வைத்திருக்கிறோம். அதற்கு 'சாட்சி' என்று பெயர். அதன் வேலை என்னவென்றால், இன்னொரு புரோகிராம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். பேசாது. தொடாது. பார்க்கும், குறிக்கும். கடைசியில், "நான் பார்த்த வரைக்கும் இவையெல்லாம் ஒரு தடவைகூட மாறவில்லை" என்று ஒரு பட்டியல் கொடுக்கும்.

இந்த பஸ்ஸையே வைத்துக்கொள்ளுங்கள். சாட்சியை இங்கே ஒரு மாதம் உட்கார வைத்தால், டிக்கெட் நம்பர் ஏறுமே தவிர இறங்காது என்று எழுதும். ஏறாத ஆள் இறங்க மாட்டான் என்று எழுதும். அதெல்லாம் சட்டம். ஆனால், மூன்றாவது சீட்டில் எப்போதும் சிவப்புச் சட்டை என்றும் எழுதும். பார்த்தது அப்படி, பாவம், அதற்கு என்ன தெரியும். அது தற்செயல். எது சட்டம், எது தற்செயல் என்று பிரித்து டிக் போடுகிறவன் ஒருவன் வேண்டும். அந்த ஒருவன் நான்தான். டிக் போட்டதையெல்லாம் காவலாக மாற்றிவிடுவோம். அதற்குப் பிறகு யாராவது சட்டத்தை மீறினால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். ஒரு இம்மி நகராது.

ஊம் வரவில்லையே அண்ணாச்சி... சரி.

சிலுவைத்துறையில் ஒரு ஐஸ் பிளாண்ட். முதலாளி சந்தியாகு. பில் போடுவது, கம்ப்ரசர் ஓட்டுவது, ஐஸ் பாரைத் தூக்கிச் சறுக்குப் பலகையில் இறக்குகிற கிரேன், எல்லாம் ஒரே புரோகிராம். பில் அடித்தால்தான் கிரேன் அசையும். அதை எழுதிய ஆள் கனடாவுக்குப் போய்விட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. முதலாளி எங்களைக் கூப்பிட்டு ஒரே வரியில் சொன்னார்: "தம்பி, நேத்து எப்படி ஓடுச்சோ அப்படியே இன்னைக்கும் ஓடணும். அதுக்கு என்ன பூட்டுப் போடணுமோ போடு."

நல்ல மனிதர். "இப்பதாம்பா கூட்டம் இல்ல, நிம்மதியா உட்கார்ந்து பாரு" என்று அவரே நாள் குறித்துக் கொடுத்தார். ஏப்ரல் பதினைந்தாம் தேதி சாட்சியை உட்கார வைத்தேன். ஜூன் பதின்மூன்று வரை. அறுபது நாள்.

என்ன அண்ணாச்சி, முகம் மாறுகிறது? ஆமாம், மீன்பிடித் தடைக்காலம்தான். எனக்கும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. விசைப்படகெல்லாம் கரையில் ஏற்றிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், பார்த்தேன். கரிசல் காட்டுக்காரனுக்கு அது ஏதோ பள்ளிக்கூட லீவு மாதிரி என்று பட்டது. தரவு தரவுதானே?

பில் கவுண்டரில் இருந்த எமரன்சியா மட்டும் முதல் வாரமே வந்து நின்றாள். "சார், இது படகு இல்லாத நாளு. இப்ப பார்த்து எழுதுனா உங்க சாட்சி இதை ஐஸ் பிளாண்ட்னே நினைக்காது. சர்பத் கடைன்னு நினைச்சிரும்."

நான் பொறுமையாக விளக்கினேன். "எமரன்சியா, எவ்வளவு நாள் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம். அறுபது நாள் மாறாத ஒன்று அதற்குப் பிறகு மாறாது."

"அப்படியா சார்?" என்றாள்.

"கணக்கு அப்படித்தான் சொல்கிறது."

"அறுபது நாள் மாறாம ஒண்ணு நடந்தா, நீங்க அதை நம்புவீங்க?"

"நம்பித்தானே ஆக வேண்டும்."

"சரி சார்" என்று போய்விட்டாள். அவள் சொன்னதை நான் அலட்சியப்படுத்தவில்லை. அறிக்கையில் ஏழாம் பக்கம், 'பயனர் கருத்து' என்று போட்டிருக்கிறேன், பாருங்கள். இதோ.

அறுபதாம் நாள் பட்டியல் வந்தது. படகுகளின் எண்ணிக்கை எப்போதும் பூஜ்யம். டிக். ஐஸ் வாங்க வருகிறவர் மூன்றே வகை: சர்பத் கடை, கல்யாணம், சாவு. டிக். தடைக்காலத்தில் ஐஸுக்கு வேறு யார் வருவார்கள்? சர்பத் கடைக்கு இரண்டு பாருக்கு மேல் போனதில்லை, பகல் பதினொரு மணிக்கு மேல் வந்ததில்லை. டிக். சாவுக்கு ஆறு பார், இறந்தவர் பெயர் காலியாக இருந்ததில்லை. டிக். கல்யாணத்துக்கு அதிகபட்சம் இருபத்தைந்து பார், மணமகன் மணமகள் இரண்டு பெயரும் உண்டு. டிக். கம்ப்ரசர் ஓடுவதற்கு முன்னால் பின்வாசல் கதவு திறக்கும். அது ஆப்பரேட்டர் காசிலிங்கம் வெற்றிலை துப்பப் போகிற நேரம், ஆனாலும் ஒரு நாளும் தவறவில்லை. டிக். கிரேனைக் கையால் இயக்குகிற லிவரை ஒருவரும் தொட்டதில்லை. டிக். முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "தொடாத சாமானுக்கு இங்க என்ன வேலை?" என்று லிவரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

எல்லாவற்றுக்கும் நான் டிக் போடவில்லை அண்ணாச்சி. அவ்வளவு கண்மூடித்தனமான ஆளில்லை. தற்செயல் என்று கோடு போட்டு அடித்தவையும் உண்டு. ஒரே ஜோடி இரண்டு தடவை வந்ததில்லை என்று சாட்சி எழுதியிருந்தது. இது ஒரு சட்டமா என்று அடித்துவிட்டேன். அப்புறம் ஒன்று, அது ரொம்ப வேடிக்கை. நான் பிளாண்டில் இருக்கிற நாளெல்லாம் சாயங்காலம் நாலு பத்துக்கு வோல்டேஜ் கொஞ்சம் இறங்குகிறது, நாலு நிமிஷம். நான் ஊருக்குப் போன இரண்டு நாளும் இறங்கவில்லை. ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு. என்னடா இது என்று விசாரித்தேன்.

"கெட்டில் சார்" என்றாள் எமரன்சியா.

உண்மைதான். நாலே காலுக்கு அவள் எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைப்பாள். சர்க்கரை போடாமல். முதல் நாள் பேச்சுவாக்கில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் கடையிலிருந்து பிளாஸ்கில் வரும். எனக்கு வரும்போது பிளாஸ்க் காலியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஐம்பத்தெட்டு நாளும் காலியாகியிருக்கிறது, பாருங்கள். ஓர் ஐஸ் பிளாண்டில் அப்படி ஒரு விதி இருக்க முடியுமா? தற்செயல் என்று அடித்தேன். பக்கம் நாற்பத்தொன்று.

வல்லநாடு வந்துவிட்டதா? ஆறு தெரிகிறதே. நேரம் இருக்கிறது.

ஜூன் பதின்மூன்று ராத்திரியோடு காவல் ஏறியது. பதினான்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நான் கவுண்டருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், முதல் நாள் எப்படி ஓடுகிறது என்று பார்க்க. வெளியே ஏதோ திருவிழாச் சத்தம். எட்டிப் பார்த்தால் எழுபத்திரண்டு விசைப்படகுக்காரர்கள், வண்டிகளோடு வரிசை. தடை அன்று ராத்திரியோடு முடிகிறது. விடியக்காலை ஐந்து மணிக்குக் கடலுக்குப் போக வேண்டும். அதற்குள் படகுக்கு ஐம்பது பார் ஏறியாக வேண்டும். இரண்டு மாதம் அடுப்பு சரியாக எரியாத ஊர் அண்ணாச்சி. முதல் நாள் கடலைத் தவறவிட்டால் பிடிக்கிற மீனெல்லாம் பக்கத்துத் துறைக்காரனுக்கு.

வரிசையில் முதல் ஆள் தொம்மை. எமரன்சியாவின் அப்பா. முப்பது வருஷமாகப் படகு ஓட்டுகிறவர். எமரன்சியா 'படகு' என்று அடித்தாள். திரை சிவப்பானது. "படகு என்ற வகை கிடையாது."

தொம்மை எட்டிப் பார்த்தார். "என்ன சொல்லுது?"

"படகுன்னு ஒண்ணு கிடையாதாம் அப்பா."

அவர் திரும்பிக் கடலைப் பார்த்தார். எழுபத்திரண்டும் நின்றுகொண்டிருந்தன. மறுபடி என்னைப் பார்த்தார். "தம்பி, அப்ப முப்பது வருஷமா நான் எதுலவே போயிட்டு வந்தேன்?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "தொம்மை, நீ நீச்சல் அடிச்சுப் போனது எங்களுக்கே இப்பத்தான்வே தெரியுது" என்றார். வரிசையே சிரித்தது. ஐந்து நிமிஷம்தான். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

காவலை எடுக்கிற பாஸ்வேர்ட் என்னிடம் கிடையாது. அது எங்கள் சீனியர் வேலாயுதம் சாரிடம். அவரோ குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டதென்று அதிகாலையே குடும்பத்தோடு போய்விட்டார். போன் அடித்தால் எடுக்கவில்லை. அருவிக்குக் கீழே நிற்கிறவர் எப்படி எடுப்பார், அவரைக் குறைசொல்ல முடியாது. காசிலிங்கம் கையால் கிரேனை இறக்கலாம் என்று ஓடினார். லிவர் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. முதலாளி அந்த ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஏல, உன் மிஷினு யாருக்குத்தாம்ல ஐஸ் குடுக்கும்?" என்று கேட்டார் தொம்மை. இதற்குள் தம்பி போய் ஏல வந்துவிட்டது.

பட்டியலைப் படித்தேன். சர்பத் கடைக்கு நேரம் தாண்டிவிட்டது. மீதி கல்யாணமும் சாவும்.

முதல் நாள் கடலுக்குப் போகிறவன் எவன் சாவு என்று பில் வாங்குவான்? ஒருத்தர் மட்டும் துணிந்து, "எம் மாமியார் பேரைப் போடு" என்றார். அவருடைய மனைவி வண்டியிலேயே உட்கார்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் இன்னும் பேச்சு வார்த்தை இல்லை என்று கேள்வி.

ஆகக் கல்யாணம்தான். ஒரு கல்யாணத்துக்கு இருபத்தைந்து பார். படகுக்கு இரண்டு கல்யாணம். எழுபத்திரண்டு படகு, நூற்று நாற்பத்து நான்கு கல்யாணம். சரி, பெயருக்கு எங்கே போவது? நான்தான் யோசனை சொன்னேன், படகுப் பெயர்களையே இரண்டிரண்டாகப் போடலாமே என்று. சொன்ன பிறகுதான் தெரிந்தது, அங்கே ஒரு படகு பாக்கியில்லாமல் எல்லாம் புனிதர்கள் பெயர். தொம்மையின் படகு ஆரோக்கிய மாதா.

"மாதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறியால?" என்று அவர் கவுண்டர் மேலேயே ஏறிவிட்டார். நான் நாற்காலியோடு பின்னால் போனேன்.

பிள்ளைகள் பெயரைச் சொல்லுங்கள் என்றால், ஒரு தகப்பனும் வாயைத் திறக்கவில்லை. காரணம் இருக்கிறது. அந்த பிளாண்டில் பில் அடித்தால் பெயரை மைக்கில் படிக்க வேண்டும். அப்போதுதான் கிரேன் பக்கம் நிற்கிறவர்களுக்கு எந்த வாசலில் ஐஸ் இறங்குகிறது என்று தெரியும். ஊர் முழுக்கக் கேட்கிற மைக். அதில் தன் மகள் பெயரையும் எவனோ ஒருவன் பெயரையும் சேர்த்துப் படிக்க யார் சம்மதிப்பார்கள்?

மணி ஒன்று. ஒன்றேகால். வெயில். வரிசையில் சத்தம் இல்லை. சத்தம் இருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அப்போது எமரன்சியா, "நான் போடுறேன் சார்" என்றாள். இரண்டு பெயரை அடித்தாள். திரை பச்சையானது. மைக்கை இழுத்துத் தெளிவாகப் படித்தாள்:

"மணமகன் இன்னாசிமுத்து. மணமகள் எமரன்சியா. இரண்டாம் வாசல். இருபத்தஞ்சு பார்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என் பெயர் எதற்கு?" என்று கேட்டேன்.

"கைக்குக் கெடைச்ச பேரு சார். ஸ்க்ரீன்ல மேல உங்க பேருதான இருக்கு?"

அது நியாயம். என் லாகின் மேலே ஓரமாக இருக்கும். ஆனால் அதற்குக் கீழே ஆப்பரேட்டர் என்று காசிலிங்கத்தின் பெயரும் இருந்தது, முதலாளி பெயரும் இருந்தது. அவசரத்தில் பார்க்கவில்லை போலிருக்கிறது.

தொம்மை அப்படியே நின்றார். கிரேன் அசைந்து ஐஸ் இறங்கத் தொடங்கிவிட்டது. மகளைப் பார்த்தார், ஐஸைப் பார்த்தார். ஐஸ் உருகுகிற சாமான் அல்லவா அண்ணாச்சி? பேச்சை அப்புறம் பார்க்கலாம் என்று அதைத் தூக்கப் போய்விட்டார். "அப்பா, நில்லுங்க, உங்க ரெண்டாவது கல்யாணம் இன்னும் படிக்கல" என்று இவள் மைக்கிலேயே கூப்பிட்டாள்.

அடுத்த படகுக்கும் அதே பெயர்கள். அதற்கடுத்ததுக்கும். ஒரே ஜோடி இரண்டு தடவை வரக் கூடாது என்பதைத்தான் நான் ஏற்கெனவே தற்செயல் என்று அடித்துவிட்டேனே. நான் அடித்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் மறுபடி லிவர் ஓட்டைக்குள் கையை விட்டார்.

இரண்டாவது படகு பக்கத்து ஊர் ரொமால்டுவுடையது. நல்ல உடம்பு, அமைதியான பையன். அவனுக்குத்தான் எமரன்சியாவைப் பேசி வைத்திருந்தார்களாம். எனக்குத் தெரியாது. அவன் கண் முன்னாலேயே இரண்டு தடவை எனக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆனது. இரண்டுக்கும் ஐஸ் சுமந்தவன் அவன்தான். வரிசையில் அவன் இரண்டாவதாக நின்றான் பாருங்கள், அதுவும் தற்செயல்தான். எமரன்சியாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாவம், வேறு பெயர் போட்டிருப்பாள்.

மூன்றரை மணிவாக்கில் தொம்மைக்குப் பொறுக்கவில்லை. படகில் ஐஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். "போதும். இனி வர்றதுக்கு மாப்பிள்ளை பேரை மாத்து. காசிலிங்கம்னு போடு. அவருக்கு மூணு பேரப்பிள்ளை இருக்கு, ஊருல எவனும் தப்பா நினைக்க மாட்டான்."

எமரன்சியா அடித்தாள். திரை சிவப்பு.

"மணமகன் இன்னாசிமுத்துவாகத்தான் இருக்க வேண்டும்."

இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டும். காவல் போட்ட நிமிஷத்திலிருந்து சாட்சி புது நோட்டு போடும். நூறு தடவை ஒன்று மாறாமல் வந்தால், என் டிக்குக்குக் காத்திராமல் தானே அதைச் சட்டமாக ஆக்கிக்கொள்ளும். அதுவரை நூற்று ஒரு கல்யாணம் முடிந்திருந்தது. இரண்டேகால் மணி நேரத்தில் நூறு தடவை ஒரே மாப்பிள்ளை, ஒரே பெண். உலகத்தில் அந்தக் கல்யாணத்தைத் தவிர வேறு கல்யாணம் கிடையாது என்று அதற்குத் தோன்றிவிட்டது. தொழில்நுட்ப ரீதியாக அதில் குற்றம் இல்லை.

வரிசையில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். தொம்மை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படகைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் களேபரத்திலும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாலே காலுக்கு டீ வந்தது. மீதிப் படகுக்காரர்கள் கத்திக்கொண்டு நிற்கிறார்கள், இவள் எழுந்து போய்க் கெட்டிலைப் போடுகிறாள். "ஏம்மா, வரிசை நிக்குது" என்றார் முதலாளி. "கல்யாண வீட்டுல மாப்பிள்ளைக்கு டீ குடுக்க வேண்டாமா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை உணர்ச்சி உள்ள பெண்.

எழுபத்திரண்டு படகும் விடியலில் போய்விட்டன. சும்மா சொல்லக் கூடாது, நல்ல மீன். ஊருக்கு என் மேல் கோபமில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. கோபம் இருந்திருந்தால் அடித்து அனுப்பியிருப்பார்கள்.

பதினாறாம் தேதி நிஜமாகவே ஒரு கல்யாண வீட்டார் ஐஸுக்கு வந்தார்கள். வேறு மாப்பிள்ளை, வேறு பெண். மிஷின் கொடுக்கவில்லை. கடைசியில் எங்கள் பெயரில் பில் போட்டுத்தான் கொண்டுபோனார்கள். "அடுத்தவன் கல்யாண ஐஸ்ல எங்க கல்யாண மோர் குடிச்சோம்" என்று மணமகன் வருத்தப்பட்டானாம். அன்று சாயங்காலம்தான் வேலாயுதம் சார் எண்ணெய்த் தலையோடு வந்து காவலை எடுத்தார்.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அண்ணாச்சி, நீங்கள் வேதக்காரரா, அதாவது கிறிஸ்தவரா? இல்லையா? அப்படியானால் சொல்கிறேன். எங்களில் ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், மறுப்பு இருக்கிறவர்கள் சொல்லலாம் என்று. மூன்று தடவை வாசித்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஊர் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சிலுவைத்துறைப் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து இதைப் பேசியிருக்கிறார்கள். "மூணு தடவை வாசிச்சாலே கட்டியாகணும். இது நூத்தி நாப்பத்தி நாலு. அதுவும் பொண்ணே வாசிச்சிருக்கு. ஊரே ஐஸ் வாங்கியிருக்கு. ஐஸ் வாங்குனவன் எவன் இப்ப மறுப்புச் சொல்லுவான்?" பங்குச் சாமியார், "கோயிலில் வாசிப்பதுதான் ஓலை, ஐஸ் பிளாண்டில் வாசிப்பது செல்லாது" என்று சொல்லிப் பார்த்தார். "அப்ப அந்த ஐஸுல வந்த மீனு செல்லுமா சாமி?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் அன்று மீன்குழம்பு சாப்பிட்டிருந்தார்.

ரொமால்டு வீட்டார் விலகிக்கொண்டார்கள். போன வாரம் தொம்மை திருநெல்வேலிக்கே வந்துவிட்டார். எங்கள் மாடியில், ஒரு முழச் சீலா மீனை ஐஸ் பெட்டியோடு மேஜை மேல் வைத்தார். மறுபடி தம்பி என்றுதான் கூப்பிட்டார்.

"தம்பி, நான் சண்டை போட வரல. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ஊர் கூடுது. வந்து, கட்டிக்கிறேன்னு சொல்லு. இல்ல, மிஷின் தப்பு, எங்களுக்குள்ள ஒண்ணும் கிடையாதுன்னு எல்லாருக்கும் புரியுற மாதிரி நிரூபிச்சுட்டுப் போ. நீ நிரூபிச்சா ரொமால்டு வீட்டுல திரும்பிப் பேசுறேன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டும் இல்லாம எம் பிள்ளையை நடுக்கடல்ல விட்டுராத."

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். நிரூபிப்பதுதானே என் தொழில். நாற்பத்து மூன்று பக்கமும் தெளிவாக இருக்கிறது. யார் எப்போது என்ன அடித்தார்கள், எங்கே டிக் விழுந்தது, எப்படிச் சட்டமானது. படித்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும், இதில் யாருடைய விருப்பமும் கிடையாது என்று.

நேற்று எமரன்சியாவுக்குப் போன் பண்ணினேன். ஒரு மரியாதைக்கு. "நாளைக்கு நான் என்ன சொல்வது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

பின்னால் அலைச் சத்தம் கேட்டது. "அறுபது நாள் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தது நீங்கதான சார்? என்கிட்ட கேட்டா?" என்றாள்.

"பார்த்தது சாட்சி. நான் டிக் மட்டும்தான் போட்டேன்."

"அதான் தெரியுதே" என்றாள்.

குரல் ஒரு மாதிரி இருந்தது. பிளாண்டில் குளிர் அதிகம், சளி பிடித்திருக்கும்.

இந்த ரோட்டுச் சின்னப் புதுக்கோட்டையும் தாண்டிவிட்டோமா? நீங்கள் இறங்குகிற இடம் வரப்போகிறதா? ஒரு நிமிஷம், இந்தக் கட்டைச் சரிபார்த்துக்கொள்கிறேன். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்திரண்டு... இல்லை, பதறாதீர்கள், விழவில்லை. நாற்பத்தொன்றாம் பக்கம் சட்டைப்பையில் இருக்கிறது. அது ஏனோ காலையில் தனியாகக் கையில் வந்தது, அப்படியே மடித்து வைத்துவிட்டேன். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, அந்த நாலு பத்து வோல்டேஜ் விஷயம்தான். கமிட்டிக்கு அதைக் காட்ட வேண்டிய அவசியமில்லை.

எனக்கு இப்போது ஒரே கவலை, அண்ணாச்சி. நாற்பத்து மூன்று பக்கம் படிக்க எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் இந்த ஒரு மாதமாக, திருநெல்வேலியில் இருந்தாலும், சாயங்காலம் நாலு ஆனால் எனக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது. அதற்கு மேல் பேச்சே வருவதில்லை. டாக்டரிடம் போனேன், தைராய்டு பார்க்கச் சொன்னார்.

போன் வைக்கும்போது அவள் ஒன்று சொன்னாள். "சார், ஹால்ல மேடைக்குப் பக்கத்துல பிளக் பாயிண்ட் இருக்கான்னு கேட்டு வச்சிருக்கேன். இருக்காம்." நான் சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, என்னிடம் புரொஜெக்டர் கிடையாதே. எல்லாம் காகிதம்தானே. அவள் பாவம், பிளக்கெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டுக் காத்திருப்பாள். போனதும் முதல் வேலையாக அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஏன் அண்ணாச்சி, இறங்கும்போது இப்படிச் சிரிக்கிறீர்கள்? பலாப்பழம்... அண்ணாச்சி, பலாப்பழத்தை விட்டுவிட்டுப் போகிறீர்களே! என்ன? எனக்கா? கல்யாணத்துக்கா? எந்தக் கல்யாணத்துக்கு?